கைமாறும் கோல்

புனே நகரின் தென்கிழக்கே, சாஸ்வட் போகும் சாலையை ஒட்டி, ஹடப்சரில் ஒரு பெரிய வெட்டவெளி உண்டு. அக்கம்பக்கத்தில் மகர்பட்டாவின் அடுக்குமாடிகள், தொழிற்பேட்டையின் கொட்டகைகள், நடுவில் புல்தரை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பலருக்கு ‘கிளைடிங் சென்டர்’ என்பது வெறும் இடப்பெயர். 1950-இல் இந்திய அரசின் சிவில் விமானத் துறை அங்கே தொடங்கியது, எஞ்சினே இல்லாத விமானத்தை ஓட்டக் கற்றுத்தரும் மையம். நாடு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. போர் விமானியாகப் போகாத, விமானக் கம்பெனி வேலைக்கும் போகாத ஒருவரை இரட்டை இருக்கைக் கிளைடரில் உட்காரவைத்து, அவர் கையில் ‘ஸ்டிக்’ எனப்படும் கட்டுப்பாட்டுக் கோலைக் கொடுப்பதற்கு அந்தச் சமயத்தில் ஓர் அரசு ஏன் பணம் ஒதுக்கியது? சிறு விமானத்தில் கூட வருகிறவர் கையில் சற்று நேரம் கட்டுப்பாட்டைக் கொடுப்பது உலகெங்கும் விமானிகளிடையே இருந்துவரும் பழைய வழக்கம். அதை ஒரு தனிமனிதச் சலுகை என்றோ, பொறுப்பில்லாத விளையாட்டு என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதன் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. பறத்தல் என்ற கலை தனக்கு ஆள் சேர்த்துக்கொண்டதே அந்த வழியில்தான். அதில் ஆபத்து இருந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்ததும் பயணியின் கை அல்ல. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்ததா என்பதே.

இன்றைய கண்ணுக்கு இது விபரீத வாதமாகத் தோன்றலாம். 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் விமானி ஒருவர் தமக்குத் தெரிந்த பெண்ணை காக்பிட்டுக்குள் உட்காரவிட்டார் என்பதற்காக, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும் விமானிக்கு மூன்று மாத உரிம இடைநிறுத்தமும் கிடைத்தன. அந்தப் பெண் எதையும் தொட்டதாகக்கூட குற்றச்சாட்டு இல்லை. உள்ளே இருந்ததே குற்றம். பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை அந்தக் கண்டிப்பு முழுக்க நியாயம். டிக்கெட் வாங்கிப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் தரவில்லை. ஆனால் அந்த நியாயத்தை அப்படியே தூக்கி நாலு பேர் உட்காரும் செஸ்னாவுக்கோ இரண்டு பேர் உட்காரும் கிளைடருக்கோ பொருத்தும்போது, இரண்டும் வேறு வேறு இனம் என்பது மறந்துபோகிறது. அமெரிக்கச் சட்டம் இந்த வேற்றுமையை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. விமானக் கம்பெனிகளுக்கும் வாடகை விமானங்களுக்குமான விதிகளில், தகுதியில்லாதவர் கட்டுப்பாட்டைத் தொடக்கூடாது என்ற தடை உண்டு. சொந்த விமானத்தில் சொந்த வேலையாகப் பறப்பவருக்கான பொது விதிகளில் அப்படியொரு வாசகம் இல்லை. அது மறதியால் விடுபட்டதல்ல.

இரண்டு பேருக்கும் கோல் வைத்த விமானம் தொடக்கத்திலேயே வந்துவிட்ட ஒன்றல்ல. ரைட் சகோதரர்கள் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு நெம்புகோலைப் பொதுவாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பிரான்சில் விமான முன்னோடி பிளேரியோவின் பள்ளியில் மாணவன் தனியாகவே ஏறினான். இறக்கை வெட்டிய, பறக்க முடியாத விமானத்தைத் தரையில் ஓட்டிப் பழகி, பிறகு தத்தித் தத்தி எழும்பினான். கூட உட்கார யாரும் இல்லை. தவறினால் திருத்துவது தரைதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்களை இழந்தது. 1917-இல் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி, இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில், அதுவரை நடந்த முறையைத் தலைகீழாக்கினார். இருவருக்கும் முழுக் கட்டுப்பாடு உள்ள ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவன் கையிலேயே விமானத்தைக் கொடுத்து, ஆபத்தான நிலைகளுக்கு வேண்டுமென்றே கொண்டுபோய், அதிலிருந்து மீளவும் வைத்தார். இருவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். அதற்கும் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர் நிலைத்தது. பயிற்றுநர்கள் அதற்கு முன் பயந்தது மாணவனின் கையைப் பார்த்து. ஸ்மித்-பேரி காட்டியது, அந்தக் கையை ஒதுக்கி வைப்பதுதான் அதைவிட ஆபத்து என்பதை.

அந்தப் பாடம் சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்தது டி ஹாவிலண்ட் மாத் விமானத்தின் வழியாக. 1925 பிப்ரவரியில் முதலில் பறந்த இந்த மர விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். தனியாகப் பறக்கிறவர் பின் இருக்கையில் அமர்வார். விருந்தாளி முன் இருக்கையில். முன் இருக்கையிலும் ஸ்டிக் உண்டு, ஆனால் வேண்டாமென்றால் அதைக் கழற்றி எடுத்துவிடலாம். சிறிய பொறியியல் வசதிதான். ஆனால் இந்த வழக்கத்தின் சாரமே அதில் அடங்கியிருக்கிறது. பயணி தொடலாமா கூடாதா என்று ஒவ்வொரு முறையும் புறப்படும் முன்பே விமானி முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஸ்டிக்கை இருக்கவிட்டால் அது தற்செயல் அல்ல, அழைப்பு. பயந்த சுபாவம் உள்ள ஒரு உறவினரை ஏற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, ஆர்வமுள்ள நண்பனை ஏற்றும்போது மாட்டி வைத்திருப்பார்கள். வடிவமைத்தவர்களே இரண்டு வகைப் பயணிகளையும் எதிர்பார்த்திருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் விமானக் கிளப்புகள் முளைத்தது இந்த மாத்களை வைத்துத்தான். 1928, 1929 ஆண்டுகளில் டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா கிளப்புகள் அரசு மானியத்தோடு தொடங்கின, சென்னையும் பின்தொடர்ந்தது. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். அவரை அங்கே கொண்டுவந்தது, பிரான்சின் ஹார்டெலோ கடற்கரையில் பிளேரியோ குடும்பத்தின் அக்கம்பக்கத்தில் கழித்த சிறுவயதும், பதினைந்து வயதில் அங்கே கிடைத்த ஒரு ஜாய்ரைடும். அதே 1929-இல் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர், நியூவால் என்ற கூட்டாளியோடு, போரில் மிஞ்சிய டி.எச்.9 விமானங்களைக் கொண்டுவந்து ஊர் ஊராகக் காசு வாங்கிக்கொண்டு மக்களை மேலே ஏற்றிக் காட்டினார். சர்க்கஸ் கூடாரம் போல் வந்துபோன அந்த வியாபாரத்திலிருந்துதான் டாடாவின் தபால் விமான யோசனை பிறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று டாடா கராச்சியிலிருந்து தபாலைப் பம்பாய்க்குக் கொண்டுவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுபோனவர் இந்த வின்சென்ட்டே. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்தின் இரு மூலவர்களில் ஒருவர் ஜாய்ரைடு வாங்கியவர், மற்றவர் விற்றவர்.

கிளப்புகளின் உலகம் சிறியது. அதில் நண்பர், மனைவி, தங்கை, மருமகன் என்று கூட ஏறியவர்களே அடுத்த மாணவர்கள். தமிழர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. விமானி வி. சுந்தரத்தின் மனைவி உஷா சுந்தரம், 1949-இல் பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறி, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அறியப்பட்டார். கணவரோடு துணை விமானியாக நேரு, படேல் போன்றவர்களை ஏற்றிச் சென்றார். 1951-இல் இருவரும் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு வீட்டின் விமானியிடமிருந்து இன்னொரு விமானி உருவானது அங்கே மட்டும் நடந்ததல்ல. மாட்டுவண்டியில் தாத்தா பேரன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தன் கையையும் அதன்மேல் வைத்துக்கொள்வது எப்படி யாருக்கும் விதிமீறலாகப் படாதோ, அப்படியே கிளப்புகளிலும் இது நடந்தது. எழுத்தில் இல்லாததால் இதற்கு ஆவணம் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் சொந்தச் செலவில் பறக்கக் கற்றவர்களில் யாரும் முன்பின் தெரியாமல் கிளப் வாசலில் வந்து நின்றிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. 1934-இல் விமானச் சட்டம் வந்தது. 1937-இல் அதன் கீழ் விமான விதிகள். வயது குறைந்தவர்களைப் பற்றிய விதியைப் பாருங்கள். பதினாறு வயது நிரம்பாத யாரும் நகரும் விமானத்தைத் தன் ‘தனிக் கட்டுப்பாட்டில்’ வைத்திருக்கக்கூடாது, யாரும் அதற்கு இடம் கொடுக்கவும் கூடாது என்கிறது அது. தொடவே கூடாது என்று எழுதுவதற்கு ஒரு சொல்தான் குறைவாகத் தேவைப்பட்டிருக்கும், எழுதவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் தகுதியுள்ளவர் இருக்க, அவர் மேற்பார்வையில் கோலைப் பிடிப்பதற்கும், அவனிடமே விமானத்தை ஒப்படைப்பதற்கும் இடையே கோடு போட்டவர்கள், கிளப்புகளில் நடப்பது தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

புனேவின் மையம் இந்த வழக்கத்தை வாய்வழி நிலையிலிருந்து நிறுவனமாக மாற்றியது. அதன் அருமை புரிய, அதற்கு முன் கிளைடர் எப்படிக் கற்றுத்தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். வெர்சாய் உடன்படிக்கை எஞ்சின் விமானங்களுக்குத் தடைபோட்ட ஜெர்மனியில், 1920-இலிருந்து வாசர்குப்பே மலைச்சரிவில் இளைஞர்கள் கிளைடரில் குதித்தார்கள். அங்கே பெரும்பாலும் ஒற்றை இருக்கை. ரப்பர் கயிற்றை ஆட்கள் இழுத்துவிட, சட்டத்தின்மேல் உட்கார்ந்த மாணவன் தனியாகச் சில வினாடி மிதந்து இறங்குவான். நாளாக நாளாக உயரம் கூடும். பிளேரியோ பள்ளியின் முறைதான், மலைச்சரிவில். எலும்புகள் முறிந்தன, கற்றவர்கள் கற்றார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகின் பெரும்பகுதி அதைக் கைவிட்டு இரட்டை இருக்கைக்கு மாறியது. தாழ்வாகத் தனியே விடுவதைவிட உயரத்தில் கூட இருப்பது மேல் என்ற முடிவு அது. அந்த மாற்றத்தின் நடுவில்தான் இந்தியா கிளைடருக்குள் நுழைந்தது. அதனால் நமக்கு முதல் முறையின் சுமை அதிகம் ஏறவில்லை.

சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் என்ற பொறியாளர் இந்தியாவுக்கென்று கிளைடர்களை வடிவமைத்தார். நட்சத்திரப் பெயர்கள் வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது: அசுவினி, ரோகிணி, பரணி, கார்த்திக், மிருகசீரம், ஆர்த்ரா. 1958-இல் பறந்த அசுவினியில் இரண்டு இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. 1961 மே 10 அன்று பறந்த ரோகிணியில் அவர் இருக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காற்றை எதிர்க்கும் பரப்பு கூடும், வேகம் குறையும், தூரம் போகாது. போட்டிக்கு ஆகாத வடிவம். ஆனாலும் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றிருக்கிறார் என்று கொள்ளவேண்டும். காரணத்தைப் பயிற்றுநரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் புரியும். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலையின் பின்பக்கம் மட்டுமே தெரிகிற பயிற்றுநருக்கு, அவர் பயத்தில் ஸ்டிக்கை இறுக்கியிருக்கிறாரா, முகம் வெளிறியிருக்கிறதா என்பது தெரியாது. பக்கத்தில் இருந்தால் விரல்களின் இறுக்கமே தெரியும், தேவைப்பட்டால் கையைத் தட்டிவிடலாம். பாதை தவறும் முன்பே பார்வை அங்கே போய்விடும். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1958-இல் பறக்கவிட்ட புஷ்பக் என்ற எஞ்சின் விமானமும், கிளப்புகளுக்கென்றே செய்யப்பட்டது, இதே பக்க இருக்கை அமைப்பு கொண்டது. மாத் போய் புஷ்பக் வந்தபோது கழற்றக்கூடிய ஸ்டிக்கின் இடத்தை, பார்க்கக்கூடிய கை பிடித்துக்கொண்டது.

ஹடப்சர் போன்ற மைதானத்தில் ஒரு பறப்பு எப்படி அமைகிறது என்பதில்தான் இந்த வாதத்தின் உயிர் இருக்கிறது. மைதானத்தின் மறுகோடியில் கயிறு சுருட்டும் வின்ச் இயந்திரம். அதன் இரும்புக் கயிறு கிளைடரின் வயிற்றில் கோக்கப்படும். கயிறு சுருளத் தொடங்கினால் அரை நிமிடம் போல, மூக்கு வானத்தைப் பார்க்க, கிளைடர் செங்குத்தாக ஏறும். சுமார் ஆயிரம் அடி உயரத்தில் கயிறு விடுபடும். அதன்பின் நிசப்தம், காற்றின் சீறல் மட்டும். மேலே தூக்கும் அனல் காற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரை. தக்காணப் பீடபூமியில் பங்குனி, சித்திரை வெயிலில் அனல் காற்று வலுவாக எழும். பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் இடத்தைப் பார்த்து அதை அடையாளம் காண்பார்கள். மழைக்காலத்தில் பறப்பு படுத்துவிடும். இந்தச் சில நிமிடங்களில் புறப்பாடும் இறக்கமும் பயிற்றுநருக்குச் சொந்தம். அவை புதியவருக்குப் போகாது. நடுவில் உள்ள துண்டு மட்டுமே கைமாறும். முன் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளி நூல் நேராகப் பின்னோக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சுக்கான் மிதியும் ஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் நூல் பக்கவாட்டில் சாயும். புதியவர் செய்யும் முதல் தவறு எப்போதும் ஒன்றுதான்: தேவைக்கு மேல் அசைப்பார். அமைதியாக விட்டால் கிளைடர் தானே நேராகப் பறக்கும் என்பதை அவர் கை கற்றுக்கொள்ள அரை நிமிடம் ஆகும். அதற்குள் போதுமான உயரம் மிச்சம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஸ்டிக் இருக்கும். இதுதான் காப்பு: உயரம், இரண்டாவது ஸ்டிக், அதைப் பிடிக்கத் தயாரான ஒருவர், யார் கையில் விமானம் என்று வாய்விட்டுச் சொல்லும் முறை. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வழக்கத்தின் பெயர் மாறிவிடுகிறது.

எதிர்வாதிகள் முதலில் எடுத்துக்காட்டுவது 1994 மார்ச் 23. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃபிளாட் 593 விமானத்தில் கேப்டன் தன் இரு பிள்ளைகளையும் தன் இருக்கையில் உட்காரவைத்தார். மகன் சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம்போல் அழுத்தியதில், தானியங்கி விமானியின் ஒரு பகுதி சத்தமில்லாமல் விடுபட்டது. விளக்கு மட்டும் எரிந்தது. ஒலி எச்சரிக்கைக்குப் பழகியிருந்தவர்கள் கவனிக்கவில்லை. சைபீரியாவில் மெஷ்துரெசென்ஸ்க் அருகே 75 பேரும் இறந்தார்கள். இதைவிடக் கொடிய உதாரணம் கிடையாது; எனவே இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பொறுப்பான விமானி தன் இருக்கையிலேயே இல்லை, பின்னால் நின்றார். துணை விமானி இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்ததால் கட்டுப்பாட்டை எட்டிப் பிடிக்கவே திணறினார். யார் கையில் விமானம் என்பதை யாரும் அறிவிக்கவில்லை, ஏனென்றால் அது தானியங்கியின் கையில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். காஸ்போர்ட்டிலிருந்து ஹடப்சர் வரை வளர்ந்த முறையின் முக்கிய விதிகள் அங்கே பின்பற்றப்படவில்லை. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள பயணிகள் விமானத்தில் பின்பற்றியிருந்தாலும் அது நியாயமாகியிருக்காது. அந்த விபத்து இந்த வழக்கத்தைக் குற்றவாளி ஆக்கவில்லை, வழக்கத்தின் வேடத்தை மட்டும் போட்டுக்கொண்ட ஒன்றைத்தான் ஆக்கியது.

1996 ஏப்ரலில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘சாதனை’க்காக ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி செஸ்னாவில் தந்தையோடும் பயிற்றுநரோடும் கிளம்பி, ஷையென் நகரில் மோசமான வானிலையில் புறப்பட்ட உடனே விழுந்து மூவரும் இறந்தது அடுத்த வாதம். அதற்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. விசாரணை பழியைப் பயிற்றுநரின் முடிவின்மேல்தான் போட்டது: புயலுக்கு நடுவே, அதிக எடையோடு, தொலைக்காட்சிக் கேமராக்களின் அட்டவணைக்குக் கட்டுப்பட்டுப் புறப்பட்டது. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடுத்தது, உரிமம் இல்லாதவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ கட்டுப்பாட்டைப் பிடிப்பதை. பயணிகளின் கையைப் பொதுவாகக் கட்டிப்போடவில்லை. நாடே கொதித்துக்கொண்டிருந்த வேளையில்கூட, நோய் கையில் இல்லை, கெடுவில் இருந்தது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டின் நெருடலான உதாரணம் 1980 ஜூன் 23. டெல்லி சப்தர்ஜங்கிலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ என்ற இரட்டை இருக்கைச் சாகச விமானத்தில் சஞ்சய் காந்தியும் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் புறப்பட்டு, சாகசம் செய்யும்போது விழுந்து இறந்தார்கள். சஞ்சய் உரிமம் பெற்றவர், எனவே அவரைப் பயணி என்று சொல்ல முடியாது. விபத்தின் காரணம் பற்றிய விசாரணையும் அறிவிக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. இதை எதற்கும் நிரூபணமாக வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒரு கேள்வியை அது எழுப்பிவிடுகிறது. விமானத்தில் இரண்டு ஸ்டிக்குகள் இருந்தன, அனுபவசாலி ஒருவர் கூட இருந்தார். ஆனால் உடன் இருப்பவர் ஆளும் கட்சியின் பொதுச்செயலாளர், பிரதமரின் மகன் என்றால், ‘இனி என்னிடம்’ என்று எந்தப் பயிற்றுநர் எந்த நொடியில் சொல்வார்? திரும்ப வாங்கிக்கொள்வது என்பது கம்பிகளும் இணைப்புகளும் மட்டும் சார்ந்ததல்ல, பதவி சார்ந்ததும்கூட. ஹடப்சர் மாதிரி ஒரு அரசு மையத்தில் பயிற்றுநர் சம்பளக்காரராக, வருகிறவர் கட்டணம் கட்டிய யாரோ ஒருவராக இருப்பதில் இந்த வகையில் ஒரு நன்மை உண்டு. அவரை மகிழ்விக்க வேண்டிய நிர்ப்பந்தம் பயிற்றுநருக்கு இல்லை. நம் அரசு அலுவலகங்களின் அலட்சியம் நன்மையாகும் அபூர்வ இடம் இது.

செலவைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஒரு நகரத்துக்கு நடுவே இத்தனை நிலத்தை வைத்துக்கொண்டு, சிலருக்கு ஐந்து நிமிட மகிழ்ச்சி தருவதற்கு அரசு ஏன்? 1950-இல் இதற்குக் கிடைத்த பதில், இளைஞர்களை வானத்துக்குப் பழக்குவது. அதே 1950-இல்தான் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் தொடங்கப்பட்டது. ரோகிணி கிளைடர்கள் அதன் மாணவர்களையும் ஏற்றிச் சென்றன. புனேவை ஒட்டிய கடக்வாஸ்லாவில், தேசியப் பாதுகாப்பு அகாடமியில், இன்றும் விமானப்படைக்குப் போகும் மாணவர்கள் சூப்பர் டிமோனா மோட்டார் கிளைடரில்தான் முதலில் பழகுகிறார்கள். ஆனால் சீருடை இல்லாத சாதாரண ஆளுக்கான பதில் நாளாவட்டத்தில் வலுவிழந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. லோஹகாவ் விமானப்படைத் தளத்தின் வான்பரப்பு பக்கத்தில். சுற்றிலும் உயரும் கட்டடங்கள். கிளைடர் பயிற்சி நாட்டில் வேறு எங்கும் பெரிதாகத் தழைக்கவும் இல்லை. கான்பூர் ஐஐடி போன்ற ஓரிரு இடங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் தேவை செத்துவிடவில்லை என்பதற்குப் புனேவிலிருந்து மும்பை போகும் வழியிலுள்ள காம்ஷேத் சாட்சி. மாவள் குன்றுகளில் ஐப்பசி தொடங்கி வைகாசி வரை பாராகிளைடர்கள் மிதக்கின்றன. டாண்டெம் பறப்பில் முன்னால் தொங்கும் வாடிக்கையாளர் கையில், குன்றை விட்டு விலகிப் போதிய உயரம் வந்ததும், பின்னால் இருப்பவர் பிரேக் கயிற்றின் பிடிகளைக் கொடுத்து, இடப்பக்கம் இழு, வலப்பக்கம் இழு என்கிறார். இறங்குவதற்கு முன் வாங்கிக்கொள்கிறார். அரசு பின்வாங்கிய இடத்தில் சந்தை அதே இலக்கணத்தோடு வந்து நிற்கிறது. மானியம் இல்லாமலும் இந்த வழக்கம் பிழைக்கும் என்றால், அரசின் நிலம் தேவையா என்ற கேள்விக்கு எதிர்வாதிகள் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சந்தை விலையைக் கொடுக்க முடியாத கல்லூரி மாணவனின் பக்கம் மிச்ச நியாயம்.

கடைசி ஆட்சேபம்தான் உண்மையில் எனக்குச் சங்கடம் தருவது. இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பக்கத்தில் இருந்தவர் பயிற்றுநர். சொந்த விமானம் வைத்திருக்கும், தனியார் விமானி உரிமம் மட்டுமே உள்ள ஒருவர் தன் நண்பனிடம் ஸ்டிக்கைக் கொடுத்தால்? அந்த உரிமம் கூலிக்குப் பறக்க அனுமதிப்பதில்லை. கற்றுத்தரவும் அது தகுதி தருவதில்லை. விமானத்தை ஓட்டத் தெரிவதும், இன்னொருவர் தப்பாக ஓட்டும்போது எந்தக் கணம் வரை பொறுத்திருக்கலாம் என்று தெரிவதும் இரண்டு வேறு திறமைகள். பின்னதுதான் பயிற்றுநரின் தொழில். ஆகவே இங்கே வழக்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர் அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்: நல்ல உயரம், தெளிந்த வானம், நேரான பறப்பு, மெல்லிய திருப்பம், இறக்கமும் புறப்பாடும் பேச்சுக்கே இடமில்லை, இரண்டாவது கட்டுப்பாடு இல்லாத விமானத்தில் எதுவுமே இல்லை. பிரிட்டனில் கிளப்புகள் ‘சோதனைப் பாடம்’ என்ற பெயரில் பயிற்றுநரோடு விற்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான். ஆர்வமுள்ள நண்பனை அங்கே அனுப்பிவிடுவது பல சமயம் நட்புக்கும் நல்லது.

பறக்கத் தெரியாதவர் கையில் ஸ்டிக் பிடித்துப் பழகியிருப்பது உயிர்காக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 2013 அக்டோபரில் இங்கிலாந்தில் விமானி மயங்கி விழுந்த செஸ்னாவை 77 வயதுப் பயணி, தரையிலிருந்து பயிற்றுநர்கள் சொல்லச் சொல்ல, ஹம்பர்சைடு விமான நிலையத்தில் இறக்கினார். 2022 மே மாதம் புளோரிடாவில் இன்னொரு பயணி ஒரு கேரவன் விமானத்தை பாம் பீச்சில் இறக்கினார். வழிகாட்டிய கட்டுப்பாட்டாளர் தாமே பறக்கக் கற்றுத்தருபவர். மனதைத் தொடும் கதைகள்தான், ஆனால் வழக்கத்துக்கு ஆதாரமாக இவற்றை நான் அதிகம் நம்பமாட்டேன். இப்படி நடப்பது மிக அபூர்வம். அபூர்வத்தை வைத்து ஒரு பழக்கத்தை நியாயப்படுத்துவது, ஏரோஃபிளாட்டை வைத்து அதைக் கண்டிப்பதைப் போன்றதே. ஹார்டெலோவில் பதினைந்து வயதில் மேலே போய் வந்த ஒரு பையன் பத்து ஆண்டுகளுக்குள் இந்தியாவின் முதல் உரிமத்தை வாங்கியதும், ரோகிணியில் ஏறிய மாணவர்களில் சிலர் பிறகு வானத்தையே தொழிலாகக் கொண்டதும் அபூர்வமல்ல. அவற்றை எதிர்பார்த்துத்தான் இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் போடப்பட்டன.